சீட்டின் பின்பக்கம்

கோடு போட்ட தாளாகப் பார்த்துக் கொடுத்ததற்கு நன்றி ஐயா. வெற்றுத்தாளில் எழுதினால் என் வரி வலப்பக்கம் போகப்போக மேட்டில் ஏறிவிடும். நாற்பத்தெட்டு வயதில் பேனா பிடித்த கை, சொன்ன பேச்சை முழுதாகக் கேட்காது. அவசரப்படாமல் எழுதினால் படிக்கும்படி இருக்கும். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள உங்கள் ஆள் தயாராகத்தான் இருந்தார். நானே எழுதுகிறேன் என்று கேட்டதற்குக் காரணம் வேறொன்றுமில்லை. என் பேச்சை இன்னொருவர் எழுத, அடியில் நான் பெருவிரல் வைத்த காலம் போதும்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் இருந்தது ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி. மற்ற மாடிகளில் நோயாளிகள் படுத்திருப்பார்கள். எங்கள் மாடியில் நோயே இல்லாதவர்கள் படுப்பார்கள். மொத்தம் ஆறு கட்டில், வெள்ளைத் திரை, சுவரில் ஒரு பெரிய கடிகாரம். நல்ல ஆரோக்கியமான ஆட்களைத் தேடிப்பிடித்து, வெறும் வயிற்றில் வரவழைத்து, ஒரு கையில் மருந்தை ஏற்றி, ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்கள். இறங்கின இடத்தில் சில மணி நேரம் நிறுத்தி வைப்பார்கள். மறு கையிலிருந்து ரத்தம் எடுப்பார்கள். எடுக்கிற பையனுக்கு 'கொசு' என்று பட்டப்பெயர். "கொசு, இன்னிக்கு எத்தனை கடி?" என்று படுத்திருப்பவர்கள் கேட்பார்கள். "உங்க ரத்தம் ருசியா இருந்தா கூட ரெண்டு" என்பான்.

எதற்காக இதெல்லாம் என்று டாக்டரம்மாவிடம் ஒருநாள் கேட்டேன். பெரிய படிப்பு படித்தவர், இருந்தாலும் என் போன்றவனுக்குச் சொல்ல அலுத்துக்கொள்ள மாட்டார்.

"சர்க்கரை குறைஞ்சா உடம்பு சும்மா இருக்காது. எங்கேயாவது இருந்து உண்டாக்கப் பார்க்கும். சதையிலயும் குடல்லயும் புரதம்னு ஒண்ணு கட்டி வச்சிருக்கில்ல, அதை அவிழ்த்துக் கொடுக்கும். நல்லா இருக்கிறவங்க உடம்புல அது எங்க இருந்து, எவ்வளவு அவிழுதுன்னு பார்க்கறோம்."

"அடுப்பு அணையாம இருக்க வீட்டுக் கதவை உடைச்சுப் போடற மாதிரியாம்மா?"

"அதேதான்" என்று சிரித்தார்.

எவ்வளவு அவிழ்ந்தது என்று எப்படித் தெரியும் என்றும் கேட்டேன். அடையாளம் வைத்த புரதத்துண்டுகளைச் சொட்டுநீரில் கலந்து விடுவார்களாம். ரத்தத்தில் அடையாளம் உள்ளதும் இல்லாததும் எந்த அளவில் கலந்திருக்கிறது என்று பார்த்தால் விடை வந்துவிடுமாம். எனக்கு உடனே பிடிபட்டது. முன்பு நான் மூட்டை தூக்கிய கிடங்கில் நாங்களும் சிவப்புச் சாயம் பூசிய மூட்டைகளைச் சரக்கோடு கலந்து விடுவோம். வெளியே போகிற பாரத்தில் சிவப்பு எத்தனை என்று பார்த்தால், உள்ளே இருந்து எவ்வளவு கிளம்புகிறது என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம். இருபத்தைந்து வருடம் அந்த வேலைதான் பார்த்தேன். பிறகு இடுப்பு போய்விட்டது. அதற்குப் பிறகு இந்த மாடி.

என் வேலை சோதனை முடிந்த பிறகுதான் தொடங்கும். ஏற்றிய மருந்து ஊசியை எடுத்த பிறகும் சில மணி நேரம் உள்ளே வேலை செய்யும். அதனால் படுத்திருந்தவர் தட்டில் வைத்ததை முழுதும் சாப்பிட வேண்டும். ரொட்டி, இரண்டு அவித்த முட்டை, உருளைக்கிழங்கு, ஒரு டம்ளர் பழச்சாறு. மாலை நான்கு மணிவரை நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை மூன்று கேள்வி. இன்று என்ன கிழமை, நான் யார், இருபதிலிருந்து கீழே எண்ணுங்கள். பதில் வந்தால் நோட்டில் 'சரி'. குழறினால் கட்டில் தலைமாட்டில் இருக்கிற சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும், ஸ்டாண்டில் இருக்கிற சர்க்கரைத் தண்ணீரைக் கொடுக்க வேண்டும். மணிக்கு ஒருமுறை விரலில் குத்தி, சின்ன இயந்திரம் காட்டுகிற எண்ணையும் எழுத வேண்டும்.

படித்த பையன்கள் அந்த நோட்டில் கோழி கிறுக்கின மாதிரி எழுதிவிட்டுப் போவார்கள். நான் ஒவ்வொரு எழுத்தாக வைப்பேன். டாக்டரம்மா மற்றவர்களிடம் சொல்வார்: "அவர் எழுதிட்டா அது கல்வெட்டு. நான் ரெண்டாவது தடவை பார்க்கறதே இல்லை." என் வாழ்க்கையில் என்னைப் பற்றி யாரும் அவ்வளவு நல்லதாகச் சொன்னதில்லை.

இனி என் மனைவியைப் பற்றி.

அவள் சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைப்பவள். என்னை 'இங்க பாருங்க' என்றுதான் கூப்பிடுவாள். பக்கத்து வீட்டுக் குழந்தை என் பெயரே அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கும் எழுத்து தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது. வீட்டுக்கு வரும் காகிதம் எதுவானாலும் தம்பியிடம்தான் போகும்.

தம்பி என்னைவிடப் பதினோரு வயது இளையவன். அப்பா போன பிறகு நான் மூட்டை தூக்கி அவனை எட்டாவது வரை படிக்க வைத்தேன். அதை நான் என்றும் சொல்லிக்காட்டியதில்லை. குடும்பத்துக்குத் தோள் நான், கண் அவன் என்று நானே பெருமையாகச் சொல்வேன். படித்ததால் அதே கிடங்கில் அவன் எடைமேடைக்குப் போனான். கண்ணாடி அறையில் உட்கார்ந்து லாரிகளுக்கு எடைச்சீட்டு எழுதுகிற வேலை. வெயில் படாது.

ஏழு வருடத்துக்கு முன்பு அவளுக்குச் சர்க்கரை நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். கூடவே ஒரு சீட்டு. இப்போது உங்கள் மேசைமேல் பையில் போட்டு வைத்திருக்கிறீர்களே, மேல்மூலை கிழிந்தது, அதுதான். அதைத் தம்பியிடம் கொண்டுபோனேன். பார்த்தான். "மூணு வேளை, ஒவ்வொண்ணு" என்றான். சீட்டை என் கையில் கொடுத்தான். நான் வேலைக்குப் போய்விட்டேன்.

மூன்று வேளை, ஒவ்வொன்று. நான் தவறவிட்டதே இல்லை. இரண்டு மாதம் கழித்து அவளுக்கு வயிற்றுப்போக்கு, வாந்தி. ஒரு வாய் உள்ளே போகவில்லை. சாப்பிடாவிட்டாலும் மருந்தை விடக்கூடாது என்று நினைத்து மூன்று வேளையும் நானே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் கொட்டாவி விட்டாள், விடாமல் வியர்த்தது. என்னைப் பார்த்து "அப்பா, ஊசி உடைஞ்சு போச்சு, மேஸ்திரி திட்டுவாரு" என்றாள். காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று போர்வையைக் கழுத்துவரை இழுத்து விட்டேன். மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கினாள். தூங்கட்டும் என்று கதவைச் சாத்தினேன். சாயந்திரம் எழுப்பப் போனபோது எழுப்ப ஆள் இல்லை.

அதற்கு அடுத்த வருடம் எங்கள் தொழிலாளர் சங்கக் கட்டடத்து மாடியில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடந்தது. வீட்டில் இருக்க முடியாததால் போனேன். ஒரு வருடம் ஆயிற்று. கடைப்பலகை, பேருந்துப்பலகை எல்லாம் படித்துத் தீர்த்த பிறகு, அலமாரியில் அவள் துணிக்கு அடியில் இருந்த சீட்டை எடுத்தேன். முன்பக்கம் தம்பி சொன்னதுதான். திருப்பினேன். பின்பக்கத்தில் இரண்டு வரி. சாப்பிடாத வேளையில் மாத்திரை போடக்கூடாது. வியர்த்தாலோ பேச்சு மாறினாலோ உடனே சர்க்கரை கொடுக்கவும்.

படித்து முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவ்வளவுதான். அழவில்லை. தம்பியிடம் போய்க் கேட்கவும் இல்லை. சண்டை போடுகிற குணம் எனக்கு இல்லை என்பதைக் கிடங்கில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

பிறகு இந்த மாடிக்கு வந்தேன். முதல் வாரமே ஒரு தபால்காரர் கட்டிலில் கொட்டாவி விட்டார், வியர்த்தார், கிழமையை மாற்றிச் சொன்னார். சிஸ்டர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து நிமிடத்தில் அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்து, "சீப்பு இருக்கா? சாயங்காலம் பொண்ணு பார்க்க வர்றாங்க" என்றார். "யாரைப் பார்க்க, உங்களையா?" என்று கொசு கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பத்து நிமிடம், ஒரு டம்ளர்.

தம்பியை நான் கட்டாயப்படுத்தவில்லை. நல்ல ஆரோக்கியமான, நாற்பத்தைந்துக்குக் கீழே உள்ள ஆள் வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். எனக்குத் தெரிந்து ஒருவன் இருக்கிறான் என்றேன். தம்பி வீட்டில் போய்ச் சொன்னபோது அவன் துள்ளினான்.

"சும்மா படுக்கறதுக்குச் சாப்பாடு போட்டுக் கையிலயும் குடுக்கறாங்களா? இத்தனை நாளா இந்தச் சொர்க்கத்தை எங்கண்ணா ஒளிச்சு வச்சிருந்த?"

"வீட்டுல அதைத்தான தினமும் பண்றீங்க. புதுசா என்ன?" என்றாள் அவன் மனைவி. பிறகு என்னிடம், "ஒண்ணும் ஆகாதில்ல மாமா?" என்று கேட்டாள்.

"நான் பக்கத்துலயேதான் இருப்பேன்" என்றேன்.

அது உண்மை. நான் ஒரு நிமிடம்கூட நகரவில்லை.

அன்று புதன்கிழமை. சோதனை ஒழுங்காக நடந்தது. மருந்து அளவிலோ, டாக்டரம்மா பேரிலோ, சிஸ்டர் பேரிலோ ஒரு குற்றமும் இல்லை. இதைப் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னாலும் எழுதுகிறேன். தம்பி காலை முழுக்க வாய் ஓயவில்லை. "எங்கண்ணன் என்னை இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சவரு. இப்ப நான் படுத்திருக்கேன், அவரு நோட்டு எழுதறாரு. தப்பா எழுதினா முட்டி போட வைப்பேன்" என்று கொசுவிடம் சொன்னான். பன்னிரண்டு மணிக்குச் சோதனை முடிந்தது. சர்க்கரை ஏற்றி, எண் சரியான இடத்துக்கு வந்ததும், ஒரு மணிக்கு ஊசிகளை எடுத்தார்கள். டாக்டரம்மா கீழே கூட்டத்துக்குப் போனார். சிஸ்டர் அடுத்த அறையில் இன்னொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொசு ரத்தக் குப்பிகளோடு போய்விட்டான்.

தட்டு வந்தது. தம்பி முகத்தைச் சுளித்தான்.

"குமட்டுதுண்ணா. அப்புறமா சாப்பிடறேன்."

மற்றவர்களாக இருந்தால் நான் விடமாட்டேன். ஒரு வாய், இன்னும் ஒரு வாய் என்று கெஞ்சியாவது ஊட்டிவிடுவேன். குமட்டுகிறது என்று அவன் சொன்னதும், அவளும் அதே வார்த்தையைச் சொன்னது ஞாபகம் வந்தது. "சரி, அப்புறமே சாப்பிடு" என்றேன். தட்டை மூடித் தள்ளுவண்டியில் வைத்துக் கீழே அனுப்பினேன். நோட்டை எடுத்து, 'முழுதும் சாப்பிட்டார்' என்று எழுதினேன். முட்டை இரண்டும் உரிக்காமல் திரும்பி வந்ததாகவும், பூனைக்குப் போட்டதால் நினைவிருப்பதாகவும் சமையலறை அம்மா சொன்னதாகச் சொன்னீர்கள். அவர் பொய் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் கொல்ல வேண்டும் என்று நினைத்தாயா என்று கேட்டீர்கள். இல்லை. அவளுக்கு எப்படி இருந்தது என்று அவனுக்குக் கொஞ்சம் தெரியட்டும் என்றுதான் நினைத்தேன். நல்ல உடம்பு, எங்கேயாவது இருந்து அவிழ்த்துக் கொடுக்கும், டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார். அந்த உடம்பில் இருந்த சதையில் பாதி நான் சுமந்த மூட்டைதான். அதிலிருந்து கொஞ்சம் அவிழட்டும்.

ஒன்றேகால், ஒன்றரை, ஒன்றேமுக்கால். பதில்கள் சரியாக இருந்தன. சரி என்று எழுதினேன். "நான் யார்" என்று கேட்டால், "என்னோட மாமியார்" என்றான். வேடிக்கை, அதனால் சரி. இரண்டு மணிக்குச் சிஸ்டர் எட்டிப்பார்த்து நோட்டைப் புரட்டினார். "தம்பின்னதும் கையெழுத்து இன்னும் அழகா வருது" என்றார். விரலில் குத்த வேண்டிய நேரம். குத்தவில்லை. ஓர் எண்ணை எழுதினேன். நல்ல எண்.

இரண்டேகாலுக்குக் கொட்டாவி விட்டான். நெற்றி வியர்த்தது.

"பசிக்குதுண்ணா. தட்டு எங்க?"

"வரும்."

"கை நடுங்குது பாரு."

"வரும்டா. படு."

இருபதிலிருந்து எண்ணச் சொன்னேன். இருபது, பத்தொன்பது, பத்தொன்பது, பத்தொன்பது என்றான். சரி.

இரண்டரைக்கு, என்ன கிழமை என்று கேட்டேன். "லாரி வந்துருச்சு" என்றான். நான் யார் என்று கேட்டேன். என்னைப் பார்த்தான், ஆனால் என்னைத் தாண்டி எங்கேயோ பார்க்கிற மாதிரி. வலது கையின் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் எதையோ இறுக்கிப் பிடித்திருக்கிறவன் போலச் சேர்த்து வைத்திருந்தான்.

"அண்ணா" என்றான். "இழுக்காத. குடுண்ணா. திருப்பிப் பார்க்கணும். பின்னாடி ஏதோ எழுதியிருக்கு. நில்லுண்ணா, லாரி எங்க போயிடப் போகுது."

நான் யார் என்பது கேள்வி. அண்ணா என்றான். பதில் சரிதான். சரி என்று எழுதினேன்.

சர்க்கரை குறைந்த மூளை இல்லாததை எல்லாம் கோத்துச் சொல்லும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அதற்கெல்லாம் மதிப்பு கொடுக்கக் கூடாது. அவன் அதையே நாலைந்து தடவை சொன்னான். பின்னாடி இருக்கு, பின்னாடி இருக்கு. அண்ணிகிட்ட சொல்லணும். டம்ளர் என் முழங்கை உயரத்தில் ஸ்டாண்டில் இருந்தது. பொத்தான் அதற்கும் பக்கத்தில். நான் இரண்டேமுக்கால் ஆவதற்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டேமுக்காலுக்குப் பதில் இல்லை, குறட்டைதான் வந்தது. போர்வையைக் கழுத்துவரை இழுத்து விட்டேன். 'தூங்குகிறார்' என்று எழுதினேன். மூன்று மணிக்குச் சிஸ்டர் எட்டிப்பார்த்து, "தூங்கறாரா? பாவம், விடிய எழுந்து வந்தவரு" என்றார். "ஆமா சிஸ்டர்" என்றேன். நான்கு மணிக்கு வேலை மாற வந்த சிஸ்டர்தான் பொத்தானை அழுத்தினார். நிறையப் பேர் ஓடிவந்தார்கள். நான் நாற்காலியை ஓரமாக நகர்த்தி வழி விட்டேன். நான்காம் நாள் தம்பி போய்விட்டான். அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பக்கத்துல இருந்தும் இப்படி ஆயிடுச்சே மாமா" என்று அழுதாள். பதினோரு நாள் எல்லோரும் மருந்தைச் சந்தேகப்பட்டார்கள், சிஸ்டரைச் சந்தேகப்பட்டார்கள். நோட்டை யாரும் சந்தேகப்படவில்லை.

கேட்டதெல்லாம் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன். கடைசியாக, சீட்டின் மூலை எப்படிக் கிழிந்தது என்று கேட்டீர்கள். அது எனக்கு நினைவில் இல்லாமல்தான் இருந்தது. அதாவது, அந்தப் புதன்கிழமை இரண்டரை மணி வரை.

அன்று கிடங்கு வாசலில் நான்கு லாரி நின்றது. முன்லாரிக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. மேஸ்திரி என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் எடைமேடை அறைக்குள் சீட்டை நீட்டி, "எத்தனை வேளைன்னு மட்டும் சொல்லுடா, நேரம் இல்ல" என்றேன். தம்பி சொன்னான். சொல்லிவிட்டுச் சீட்டைத் திருப்பப் போனான். நான் இழுத்தேன். அவன் உடனே விடவில்லை. மூலை மட்டும் அவன் விரலில் தங்கிவிட்டது. வெளியே நாலு எட்டு ஓடிவந்து ஏதோ கத்தினான். ஹாரன் சத்தத்தில் கேட்கவில்லை. இரவு கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இரவு மறந்துவிட்டது. அவனுக்கும் மறந்திருக்கும்.

சீட்டை அவனே என் கையில் கொடுத்தான் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை. அடித்தல் திருத்தல் இருந்தால் நோட்டு செல்லாது என்று டாக்டரம்மா சொல்வார்.

இதனால் எதுவும் மாறுவதாக எனக்குத் தோன்றவில்லை ஐயா. எட்டாவது வரை படிக்க வைத்தேன். அவன் இன்னும் கொஞ்சம் வேகமாகப் படித்திருக்கலாம்.